அளவோடு இறுக்கு, அச்சமின்றி ஓட்டு!

கார் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆர்.சி. உங்கள் அலமாரியில் இருக்கிறது. மாதத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. ஆனால் அந்தக் காரின் சக்கரம் யார் கையில் இருக்கிறது?

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வாங்கிய நாள் முதல் இன்றுவரை அந்தச் சக்கரத்தின் ஒரு நட்டையாவது நீங்கள் தொட்டுத் திருகியதுண்டா? டிக்கியின் விரிப்பைத் தூக்கி, உள்ளே இருக்கும் ஜாக்கியையும் ஸ்பேனரையும் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? உளுந்தூர்பேட்டை தாண்டி இரவு பதினொரு மணிக்கு டயரில் காற்று இறங்கினால், முதலில் எதை எடுக்க வேண்டும் என்று தெரியுமா?

தெரியாவிட்டால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. தெரியாமலே கடைசிவரை இருந்துவிடலாம் என்று நினைப்பதில்தான் இழப்பு இருக்கிறது. "நமக்கு மெக்கானிக் வேலையெல்லாம் வராது" என்கிறோம். யார் சொன்னது? எந்தப் பரீட்சையில் தோற்றோம்? யாரும் நம் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. நாமும் கேட்டு வாங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கை வைக்காத வேலையை வராத வேலை என்று எழுதி வைத்துவிட்டோம். அந்த எழுத்தை இன்று அழிப்போம்!

சிறிய காரில் சக்கரத்துக்கு நான்கு நட்டு. சற்றுப் பெரிய காரில் ஐந்து. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பதினாறு அல்லது இருபது. உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டுகள். ஆனால் சரியான அளவில் இறுக்கினால், அந்த ஒவ்வொரு நட்டும் ஏறத்தாழ நான்கு டன் விசையோடு சக்கரத்தை ஹப்பின் மேல் அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தை நழுவ விடாமல் வைத்திருக்கிறது. உங்கள் அம்மா, உங்கள் மனைவி, உங்கள் பிள்ளைகள் பின்னிருக்கையில் நிம்மதியாகத் தூங்குவது அந்த அழுத்தத்தின் தயவில்தான். அதை அடுத்தவர் கையில் கண்ணை மூடிக்கொண்டு விடலாமா?

தன்னம்பிக்கையை மேடைப் பேச்சில் கேட்டு வாங்கிவிட முடியாது. ஒரு வேலையைக் கையால் செய்து, அது சரியாக நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அது வேர் பிடிக்கிறது. அந்த வேலையை இந்த நட்டிலிருந்தே தொடங்குவோம்.

பலம் கைப்பிடியின் நீளத்தில் இருக்கிறது

"அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டுமே!" என்பதுதான் முதலில் வரும் சாக்கு. தெம்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேளுங்கள்.

நட்டைத் திருப்புவது வெறும் அழுத்தம் இல்லை. நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தையும் கைப்பிடியின் நீளத்தையும் பெருக்கினால் வருவது திருகுவிசை. பட்டறையில் அதற்கு டார்க் என்று பெயர். அதை நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள். காரோடு வரும் எல் ஸ்பேனர் 25 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் கிடைப்பது 49 நியூட்டன் மீட்டர். அதே 20 கிலோ அழுத்தத்தை 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் என்னும் கைப்பிடிக் கம்பியின் நுனியில் கொடுங்கள்: 118 நியூட்டன் மீட்டர்! கை அதே கை. தெம்பும் அதே தெம்பு. கருவி மாறியது, பலன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

தோழிகளே, இது குறிப்பாக உங்களுக்கு. 45 கிலோ எடையுள்ள ஒரு பெண், 60 செ.மீ. பாரின் நுனியில் தன் எடையை மெல்லச் சாய்த்தால் 260 நியூட்டன் மீட்டருக்கு மேல் கிடைக்கும். சராசரிக் காரின் நட்டு சரியாக இறுக்கப்பட்டிருப்பது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். துருப்பிடித்துக் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் உங்கள் கையில் மிச்சம் இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்களிடம் வாதாட வேண்டாம். பாரை எடுத்துப் போட்டு நட்டைக் கழற்றிக் காட்டுங்கள்!

ஆகவே முதல் முடிவு: வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரை மட்டும் நம்பி நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள். அரை இன்ச் டிரைவ் உள்ள பிரேக்கர் பார் ஒன்றும், அதன் முனையில் மாட்டி நட்டைக் கவ்வும் சாக்கெட் ஒன்றும் வாங்கி டிக்கியில் போடுங்கள். அதற்கு வழியில்லையா? பிளஸ் வடிவ வீல் ஸ்பேனர் வாங்குங்கள். அதன் நான்கு முனையிலும் நான்கு அளவு இருக்கும். ஒரு கை இழுக்க, மறு கை அழுத்த, இரு பக்கமும் விசை சமமாக விழும்; ஸ்பேனர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவாது. விலையும் கைக்கு அடக்கம்தான்.

புல்லை நம்பாதீர்கள்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று சொல்லிச் சொல்லி நம்மை வளர்த்தார்கள். வீல் நட்டின் முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. கட்டிங் பிளேயரை வைத்துக் கழற்றப் பார்ப்பது, சற்றே பெரிய சாக்கெட்டுக்குள் துணியைத் திணித்துத் திருகுவது, வாய் அகலும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டு இழுப்பது, இவையெல்லாம் திறமை என்று கைதட்ட வேண்டாம். நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிப் போகும். பிறகு எந்த வல்லவன் வந்தாலும் அந்த நட்டைக் கழற்ற வெல்டிங்கும் உளியும்தான் வேண்டியிருக்கும். உண்மையான வல்லவன் வேலைக்கு ஏற்ற ஆயுதத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருப்பவன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் நட்டின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். மாருதி சுஸுகி, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 19 மி.மீ. ஹூண்டாய், டொயோட்டாவில் பெரும்பாலும் 21 மி.மீ. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் நட்டே கிடையாது, 17 மி.மீ. தலை கொண்ட போல்ட் நேரே ஹப்புக்குள் ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்பேனர் உங்கள் காருக்குப் பொருந்தும் என்று நம்பி இருக்காதீர்கள். இன்றே போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். ஆறு முனை இருக்கிறதா, பன்னிரண்டு முனை இருக்கிறதா? ஆறு முனை வாங்குங்கள். அது நட்டின் பக்கங்களை முழுதாகத் தழுவும்; பன்னிரண்டு முனை மூலைகளை மட்டும் பிடிக்கும், பழைய நட்டில் நழுவும். அலாய் வீலுக்கு மெல்லிய சுவருள்ள ஆழமான சாக்கெட் வேண்டும். குழிக்குள் போய் உட்கார வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டக் கூடாது. பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கும் எண்ணம் உண்டா? அதற்கென்று செய்த கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டையே போடுங்கள். பளபளக்கும் கைச் சாக்கெட் அந்த அதிர்ச்சியில் வெடித்துச் சிதறலாம். திருட்டைத் தடுக்கும் லாக் நட்டு போட்டிருந்தால் அதன் சாவியை வீட்டுப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், வண்டியிலேயே இருக்கட்டும்.

சாக்கெட் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே விசை கொடுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஃபார்முலா ஒன் கார் பந்தயமான 2021 மொனாக்கோ கிராண்ட் பிரீ ஒரு பாடம். மெர்சிடிஸ் அணியின் வால்ட்டேரி போட்டாஸ் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். டயர் மாற்ற உள்ளே வந்தார். முன் வலது சக்கரத்தில் வீல் கன் நட்டின் மேல் சரியாகப் பொருந்துவதற்குள் சுழன்றுவிட்டது. பிடிமானப் பற்கள் நொடியில் சிதைந்தன. சக்கரம் வரவே இல்லை. பந்தயம் அங்கேயே முடிந்தது. காரை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன பிறகே அந்தச் சக்கரம் கழன்றது! உலகின் தலைசிறந்த குழு, தலைசிறந்த கருவி. பொருந்துவதில் ஒரு கணம் பிசகியது. கையிலிருந்த இரண்டாம் இடம் போனது.

இதே விளையாட்டில்தான் 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழு நான்கு சக்கரத்தையும் 1.80 நொடியில் மாற்றி உலக சாதனை படைத்தது. அந்த வேகம் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரே வேலையைச் சரியாகச் செய்து, திரும்பத் திரும்பச் செய்து, கைக்குப் பழக்கிய பயிற்சியிலிருந்து வந்தது. நமக்கு 1.80 நொடி வேண்டாம். அரை மணி நேரமானாலும் சரியாகச் செய்யும் கை போதும்.

கழற்றும் வரிசை

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் விட்டு, கழற்றும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள டயருக்குக் கல் கொடுங்கள்.

அவசரத்தில் பலரும் முதலில் ஜாக்கியை ஏற்றுவார்கள். கூடாது! சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே ஒவ்வொரு நட்டையும் இடப்புறமாகக் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்துங்கள். தரை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் விசை முழுதும் நட்டுக்குப் போகும். தூக்கிய பிறகு இழுத்தால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். தளர்த்திய பின் ஜாக்கி. அதன் பின் முழுதாகக் கழற்றல். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ காலோ போகவே கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கும்.

ஏறி மிதிப்பது வீரம் இல்லை

கழற்றுவது பாதி வேலை. மாட்டி இறுக்குவதில்தான் ஒருவருடைய பக்குவம் வெளிப்படுகிறது.

ஸ்டெப்னியை மாட்டியதும் ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, ஒரு குதி குதித்து, "இனி எங்கேயும் போகாது!" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது தைரியமாகத் தெரியும். உண்மையில் அது பயம். போதுமா, போதாதா என்று தெரியாதவர்தான் ஏறி மிதிப்பார். அளவு தெரிந்தவருக்கு மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. அறிவு நிற்க வேண்டிய இடத்தில் பயம் நிற்கும்போது அது பலத்தின் வேஷம் போட்டுக்கொள்கிறது.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சும்மா ஏறி நின்றாலே 170 நியூட்டன் மீட்டருக்கு மேல். குதித்தால் இன்னும் அதிகம். கார் கேட்டது என்ன? ஃபோக்ஸ்வேகன் போலோ 120 கேட்கிறது. ஹோண்டா சிட்டி 108. உங்கள் கார் கேட்கும் எண் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, ஒரு சீட்டில் எழுதி, ஜாக்கியோடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.

மிஞ்சினால் என்ன ஆகும்? நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் பார்வைக்கு அசையாத இரும்பு. ஆனால் இறுக்கும்போது அது ரப்பர் பேண்டைப் போல மயிரிழை நீள்கிறது. திரும்பச் சுருங்கத் துடிக்கும் அந்தத் துடிப்புதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. எல்லைக்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான். பிடி தளரும். மரை சிதையும். ஒருநாள் ஓட்டத்தில் முறியும். அலாய் வீலின் துளைகள் நசுங்கும். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் கோணலாகி, மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும். குறைந்தாலோ நட்டு தானே கழன்று வரும். இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் இருக்கும் பாதையின் பெயர் அளவு!

இந்த அளவை உணர்வால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். நீங்கள் கொடுக்கும் திருகுவிசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிமுக உராய்வில் போகிறது. நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மிஞ்சும் பத்து சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. அதனால்தான் மரையில் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள் என்கிறோம். உராய்வு குறைந்தால் அதே எண்ணில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். மரையையும் ஹப்பின் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்கி, உலர்வாக வைத்து மாட்டுங்கள்.

"டிக்" என்ற சத்தம்

நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவர் கான்ராட் பார். குழாய் இணைப்புகளின் போல்ட்டுகள் ஒன்று தளர்ந்தும் ஒன்று மிஞ்சியும் இறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. அளவு வந்ததும் அறிவிக்கும் ஸ்பேனரை உருவாக்க முனைந்தார். 1930-களில் ஜார்ஜ் ஃபெஃபர்லியோடு சேர்ந்து, வேண்டிய அளவை எட்டியதும் ஒலியெழுப்பும் டார்க் ரெஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஊரெல்லாம் "இப்படித்தான் இருக்கும்" என்று கடந்து போன ஒரு குறையை, "இப்படி இருக்கக் கூடாது" என்று ஒருவர் நினைத்தார். அதன் பலன் இன்று உலகத்தின் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது.

அந்தக் கருவி உங்கள் வீட்டுக்கும் வரட்டும். அரை இன்ச் டிரைவ் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். உங்கள் காரின் எண் அதன் அளவுக் கோட்டின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் ரெஞ்ச் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். கூடுதல் குறைவு நான்கு சதவீதத்துக்குள் இருக்கும் என்ற அளவுச் சான்றோடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு ஸ்டட் முறிந்து நடுவழியில் நிற்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கையாளும் முறைக்கு வருவோம். நட்டின் கூம்பு முகம் சக்கரத்தைப் பார்த்திருக்கட்டும். எல்லா நட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள்; ஆரம்பத்திலேயே ஸ்பேனரைப் போட்டால் மரை கோணலாக ஏறிவிடும். பிறகு ஸ்பேனரால் லேசாக முடுக்குங்கள். ஒன்றை முடித்துப் பக்கத்து நட்டுக்குப் போகாதீர்கள்; எதிரெதிராக, ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரையும் வரிசையில் போங்கள். வண்டியை இறக்கி, டயர் தரையைத் தொட்டதும் டார்க் ரெஞ்சை எடுங்கள். கைப்பிடியின் பிடிமானப் பகுதியைப் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுங்கள். "டிக்!" கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு முறை, ஒரு பாதுகாப்புக்கு என்று இழுக்காதீர்கள். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் படிந்து உட்கார்ந்த பிறகு நட்டில் தளர்வு தெரியலாம்.

டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள்; அதற்குத்தான் பிரேக்கர் பார் இருக்கிறது. வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள். தரையில் விழுந்தால் அதன் சொல்லை நம்பும் முன் மறுபடி அளவு சோதனை செய்யுங்கள்.

கேட்கும் துணிவு வேண்டும்

பஞ்சர் கடையில் ஏர் கன் "டர்ர்ர்" என்று பாடும். சத்தம் கம்பீரமாக இருக்கும். சாதாரணக் கன்கூட உங்கள் கார் கேட்பதைப் போலப் பல மடங்கு கொடுக்க வல்லது. அங்கே நிற்கும்போது வாய் திறங்கள். "அண்ணே, கன்னை லேசா வைச்சு நிறுத்திக்கோங்க. கடைசியா நான் டார்க் ரெஞ்ச் போட்டுக்கறேன்." இவ்வளவுதான். இதில் அவரை அவமதிப்பது எதுவும் இல்லை. வெயிலிலும் புழுதியிலும் நாள் முழுக்க உழைப்பவர் அவர். அவர் கை வேலைக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே உங்கள் எண்ணையும் சொல்லலாம். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! உங்கள் குழந்தையின் உயிருக்காக ஒரு வாக்கியம் பேசக் கூச்சமா?

துணிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. சாலை வளைவில், ஓரம் இல்லாத பாலத்தில், லாரிகள் உரசிப் போகும் இடத்தில் டயர் போனால் அங்கே உட்கார்ந்து நட்டைக் கழற்றுவது வீரம் இல்லை. ரிம் கெட்டாலும் பரவாயில்லை என்று மெல்ல ஓட்டிப் பாதுகாப்பான இடம் சேருங்கள். நகரவே முடியாவிட்டால் எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். எப்போது கை வைக்க வேண்டும், எப்போது கை எடுக்க வேண்டும் என்று இரண்டும் அறிந்தவரே தன்னை நம்பத் தகுந்தவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

படித்தது போதும். இனி கை பேசட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், வீட்டு வாசலில் காரை நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றுங்கள். அதே சக்கரத்தைத் திரும்ப மாட்டுங்கள். அளவாக இறுக்குங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். மகனை மட்டும் கூப்பிடாதீர்கள், மகளையும் கூப்பிடுங்கள். பாரை அவள் கையில் கொடுங்கள். முதல் நட்டு அசையும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

முதல் முறை வியர்க்கும். கை கறுக்கும். வரிசை மறக்கும். மறுபடி செய்யுங்கள். மூன்றாவது சக்கரத்துக்குப் போகும்போது கை தானாகவே அடுத்த கருவியைத் தேடும். அன்று முதல் உங்கள் பேச்சே மாறும். "எனக்கு வராது" என்று சொன்ன வாய், "ஸ்பேனரைக் கொடு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லும். இதுவரை கை வைக்காத மற்ற வேலைகளும் அதன் பிறகு அத்தனை பயமுறுத்தாது. தெரியாத ஒன்றை எப்படிக் கற்பது என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டதே!

அளவை அறியுங்கள். கருவியைத் தேர்ந்தெடுங்கள். கையை அழுக்காக்குங்கள். ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே எழுந்து போய் டிக்கியைத் திறங்கள்!